சாமிக்கு வளர்த்த தலைமயிர்

ஷெஹானிக்கு என்னிடம் வேண்டியது ஒரேயொரு பக்கம். விளம்பரப் படம் எடுக்கும் கொம்பனி ஒன்றில் நான் இருபத்தெட்டு வருடம் இருந்த கதிரையில் இப்போது இருப்பவள் அவள்தான். விளம்பரங்களில் நடிக்கப் பிள்ளைகளைத் தேடிப் பிடித்துக் கொடுப்பது எங்கள் வேலை. போன மாதம் ஃபோன் எடுத்து, பிள்ளைகளை மொடலிங்கில் விடலாமா, விட்டால் ஏதும் பிரயோசனம் உண்டா என்று பெற்றோர் கேட்டுக் குடைகிறார்களாம், பத்மா அக்கா ஒரு பக்கம் எழுதித் தந்தால் அச்சடித்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கலாமாம் என்று சிங்களத்தில் தேனாகக் கதைத்தாள்.

இதென்ன பெரிய வேலை என்று நினைத்தேன். முதல் நாள் உட்கார்ந்து, விடவே வேண்டாம் என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தால் எனக்கே பொய்யாகத் தெரிந்தது. அடுத்த நாள், தாராளமாக விடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்று எழுதினேன். அது அதைவிடப் பெரிய பொய். ஆத்திரத்தில் இரண்டையும் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு வாரம் பேனையைத் தொடவில்லை.

நான் இருப்பது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், ஐந்தாம் மாடியில். எங்கள் கட்டடத்தில் நான் பார்த்த வேலை எல்லோருக்கும் தெரியும். முன்பெல்லாம் இங்கே உள்ளவர்கள் பிள்ளையை விளம்பரத்துக்குக் கேட்டால் மூஞ்சையைச் சுளிப்பார்கள். ஸ்கொலர்ஷிப் சோதனை, ட்யூஷன், வயலின் வகுப்பு, இதற்கிடையில் இது வேறா என்பார்கள். பிறகு யாருக்கும் தெரியாமல் வந்து, அக்கா, சும்மா ஒருக்கால் பாருங்கோவன் என்று படத்தை நீட்டுவார்கள். இப்போது அந்த ஒளிப்புமறைப்புக்கூட இல்லை. நாலாம் மாடியில் உள்ள பெண் ஒருத்தி தன் ஐந்து மாதப் பிள்ளைக்கு ஃபோனில் ஒரு பக்கம் திறந்து, சட்டை மாற்றி மாற்றிப் படம் போடுகிறாள். பிள்ளைக்கு இன்னும் உட்காரத் தெரியாது, தலையணை முண்டு கொடுத்து எடுக்கிறாள். லிஃப்டில் என்னை மறித்து, எந்தச் சட்டை எடுப்பு என்று கேட்டாள். மஞ்சள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு என் வாயை நானே திட்டினேன்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தது இருபத்தாறு வயதில். டைப்பிஸ்ட் வேலைக்குத்தான் போனேன். மூன்று மொழியிலும் ஃபோன் பேசுவேன் என்பதால் ரிசப்ஷனில் இருத்தினார்கள். ஒரு நாள் பால்மா விளம்பரத்துக்கு வந்த குழந்தை கமராவைப் பார்த்துக் கதறியது. நான் போய்த் தூக்கினேன், நிறுத்திவிட்டது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. அடுத்த கிழமையே அந்தக் கதிரைக்கு மாற்றிவிட்டார்கள்.

பிள்ளைகளைத் தேடுவது ஒரு தனிக் கலை என்று யாரும் நினைக்க வேண்டாம், அது அலைச்சல். கொட்டாஞ்சேனையிலும் மருதானையிலும் பாஸ்போர்ட் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர்கள் நாலைந்து பேரைப் பழக்கம் பிடித்து வைத்திருந்தேன். நல்ல முகவெட்டான பிள்ளை வந்தால் சொல்லி அனுப்புவார்கள். போய்ப் பார்ப்பேன். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னர் முன்பல்லை ஆட்டிப் பார்ப்பேன். ஐந்தரை ஆறு வயதில் இன்றைக்கு இருக்கிற பல் நாளைக்கு இருக்காது. இரண்டு நாள் படப்பிடிப்புக்கு நடுவில் பல் விழுந்து, முதல் நாள் எடுத்ததெல்லாம் குப்பைக்குப் போனதை ஒரு தடவை அனுபவித்துவிட்டேன். கை கழுவிவிட்டு மெல்ல ஆட்டுவேன். ஆடினால், போயிட்டுப் பிறகு வா ராசா.

அடுத்தது பொட்டு. எங்கள் நாட்டில் ஒரே விளம்பரத்தைச் சிங்களத்துக்கும் தமிழுக்கும் சேர்த்துத்தான் எடுப்பார்கள். ஆட்கள் அதே ஆட்கள், குரல் மட்டும் மாறும். பெண்பிள்ளை என்றால் ஒவ்வொரு காட்சியையும் இரண்டு தரம் எடுப்போம். பொட்டில்லாமல் ஒன்று, பொட்டோடு ஒன்று. என் கைப்பையில் எப்போதும் ஒட்டுப்பொட்டுப் பக்கெட் இருக்கும். வைப்பதும் எடுப்பதும் என் பொறுப்பு. ஒரு நாளைக்கு நாற்பது தரம் பொட்டு வைத்து நாற்பது தரம் எடுத்த நெற்றிகள் உண்டு. சாயங்காலம் அந்த இடம் சிவந்து போயிருக்கும், நான் எண்ணெய் பூசிவிடுவேன்.

நல்லதும் கெட்டதும் கலந்தே கண்டேன். ஒரு குழந்தை முப்பது தரம் பால் குடிக்க வேண்டி வந்தது. குடித்துக் குடித்து வாளியில் துப்புவதுதான் வழக்கம். குழந்தை அல்லவா, துப்பாமல் விழுங்கி, கடைசியில் தாயின் சேலையிலேயே சத்தி எடுத்தது. அந்தத் தாய் சேலையைத் துடைத்தபடி, இன்னும் ஒருக்கால் குடிப்பான் மிஸ், நான் சொல்லுறன் என்றாள். அவளை அறைய வேண்டும் போல் இருந்தது. அதே வருடம் வெள்ளவத்தையில் ஒரு பொடியன், பள்ளிக்கூடத்தில் வாயே திறக்க மாட்டான், திக்குவாய். பற்பசை விளம்பரத்தில் சிரித்தால் போதும் என்று கூட்டிக்கொண்டு போனேன். சிரித்தான், எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்குத் திரும்பும்போது கொம்பனி வாகனத்துக்குள் அவன் வாய் ஓயவே இல்லை. கணக்காளரான தகப்பன், படிப்புக் கெடும் என்று என்னோடு சண்டை பிடித்தவர், அடுத்தது எப்போது என்று ஃபோன் எடுத்தார். இரண்டையும் ஒரு பக்கத்தில் எப்படி எழுதுவது? ஷெஹானியே எழுதட்டும்.

லயனல் சேரைப் பற்றிச் சொல்லாவிட்டால் அடுத்தது விளங்காது. அவர்தான் எங்கள் கொம்பனியின் மூத்த டிரெக்டர், எனக்கு மேலதிகாரி. சத்தம் போட்டு நான் கண்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி சேர்ட் நுனியால் துடைப்பார். துடைக்கத் துடைக்க நாங்கள் ஒவ்வொருவராய் அறையை விட்டு நழுவுவோம். பிள்ளையைத் தெரிவு செய்வதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. முதலில் தாய்க்குத்தான் சோதனை, ஆனால் அது தாய்க்குத் தெரியாது. பத்து மணிக்கு வரச் சொல்வார். பன்னிரண்டரை வரைக்கும் யாரும் எட்டிப் பார்க்கக்கூடாது, ஏனென்றும் சொல்லக்கூடாது. காத்திருக்கும் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர், திரை போட்டது. திரை விலகலால் பார்த்துக்கொண்டிருப்பார். பிள்ளையின் தலையை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் சீவுகிற தாய், பக்கத்துப் பிள்ளையைக் கண்ணால் அளக்கிற தாய், பிள்ளை சிணுங்கினால் நுள்ளுகிற தாய், எல்லோரையும் கழித்துவிடுவார். பிள்ளையை நாங்கள் இரண்டு நாள்தான் பார்ப்போம் பத்மா, படம் வெளியே வந்த பிறகு அந்தப் பிள்ளையை வைத்துப் பார்க்கப் போவது தாய்தானே என்பார். அந்த மனிசனில் எனக்கு மரியாதை வந்தது இதனால்தான்.

கவிஷாவைக் கண்டது கொட்டாஞ்சேனை ஸ்டூடியோக்காரர் சொல்லித்தான். பிள்ளைகளுக்கான ஷாம்பூ ஒன்று புதிதாக வந்திருந்தது. இடுப்பு வரைக்கும் தலைமயிர் உள்ள ஐந்து வயதுப் பிள்ளை வேண்டும். மூன்று கிழமை நாயாக அலைந்தேன். ஐந்து வயதில் இடுப்பு வரைக்கும் யாருக்கு வளரும்? கவிஷாவுக்கு வளர்ந்திருந்தது. கறுப்பு, அடர்த்தி, நுனியில் சுருள். முன்பல்லை ஆட்டிப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது.

தாய் மாலதி, அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கல்யாணம் முடித்து வந்தவள். கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வீட்டில் இருந்து சாரி பிளவுஸ் தைப்பாள். கணவன் கிராண்ட்பாஸில் ஒரு இரும்புக்கடையில் வேலை. சொன்ன உடனே அவள் துள்ளிக் குதிக்கவில்லை. பிள்ளையின் பின்னலைக் கையில் எடுத்துக்கொண்டு, "மிஸ், இது சாமி முடிங்க. எங்களோடது இல்ல" என்றாள்.

மூன்று வயதில் பிள்ளைக்கு டெங்கு வந்து, இரத்தத்தில் பிளேட்லெட் இறங்கி, டொக்டர்மார் ஒன்றும் சொல்ல முடியாது என்று கைவிரித்த நேரம் கதிர்காமக் கந்தனுக்கு நேர்ந்துகொண்டாளாம். பிள்ளை எழும்பினால் ஐந்து வயதில் கதிர்காமத்தில் மொட்டை அடிப்பதாக. அதுவரை கத்தரி படக்கூடாது. அதனால்தான் அந்த நீளம். அந்த வருடம் ஆடியில் இறக்க வேண்டும். நாங்கள் கதைப்பது சித்திரையில்.

பேசாமல் எழும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்குள் என்ன ஓடியது என்று ஒளிக்காமல் சொல்கிறேன். மூன்று கிழமை அலைச்சல் ஒன்று. மற்றது, இத்தனை வருடத்தில் முக்கிய பாத்திரத்துக்குத் தமிழ்ப் பிள்ளை ஒன்று கிடைத்தது விரல் விட்டு எண்ணக்கூடியது. எங்கட பிள்ளை ஒன்று கொழும்புக் காலி வீதியில் பெரிய விளம்பரப் பலகையில் நிற்கட்டுமே என்ற ஆசை. அது அந்தப் பிள்ளைக்கான ஆசையா, எனக்கான ஆசையா என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

நேர்த்திக்கடனைத் தவணை சொல்லிப் பிற்போடலாம் என்பது எனக்குத் தெரியும். மஞ்சள் துணியில் ஒரு குற்றிக்காசை முடிந்து சாமிப்படத்துக்கு முன்னால் வைத்து, இந்த வருடம் வர ஏலவில்லை, அடுத்த வருடம் வருகிறோம் என்று சொல்லுவது வழக்கம்தானே. வெளிநாட்டில் இருக்கிற எங்கட சனமெல்லாம் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். மாலதிக்கு அதைச் சொன்னேன். அவள் முகம் தெளியவில்லை. நானே மஞ்சள் கரைத்துத் துணியை நனைத்து, என் கைப்பையிலிருந்த காசைப் போட்டு முடிந்தேன். அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "பயப்பிடாதேங்கோ மாலதி. குற்றம் வந்தால் என்ர தலையில வரட்டும்."

லயனல் சேர் வழமை போல இரண்டரை மணித்தியாலம் காக்க வைத்தார். மாலதி ஒரு தரம்கூட மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. கையோடு கொண்டு வந்த பிளவுசுக்குக் கொக்கி தைத்தாள். நடுவில் சோற்றுப் பார்சலைப் பிரித்துப் பிள்ளைக்குத் தீத்தினாள். சேர் திரையை விட்டுவிட்டு, இந்தத் தாய் போதும் பத்மா என்றார். அவளுடைய நேர்த்தியைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.

ஒப்பந்தம் ஆங்கிலத்தில். வரி வரியாகத் தமிழில் சொல்லிக் கையெழுத்து வாங்குவது என் கடமை. பன்னிரண்டு மாதத்துக்குப் பிள்ளையின் தலைமயிரை வெட்டவோ தோற்றத்தை மாற்றவோ கூடாது, மீறினால் செலவுக்குப் பெற்றோர் பொறுப்பு என்று ஒரு வரி இருந்தது. அந்த இடம் வந்ததும் நான், தலையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிட்டேன். பொய் சொல்லவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படப்பிடிப்பில் கவிஷா எங்களையெல்லாம் அசத்திவிட்டாள். சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. நாடியை நிமிர்த்து என்றால் நிமிர்த்துவாள், கண்ணை மூடாதே என்றால் தண்ணீர் பட்டாலும் மூட மாட்டாள். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் பொட்டைத் தானே எடுத்துக் கன்னத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, "மிஸ், இப்ப வைக்கவா வேணாமா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டாள். லைட்காரர் முதல் தேத்தண்ணீர் கொடுக்கிறவர் வரை அவளுக்குக் கைதட்டினார்கள். ஒற்றை அறை வீட்டுக்குள் பிளவுஸ் துண்டுகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை. இவ்வளவு பேர் தன்னையே பார்க்கிற இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டாள்.

படம் வந்தது. கொட்டாஞ்சேனையில் அவளைத் தெரியாத ஆளில்லை. தாயோடு கடைக்குப் போனால் முதலாளி அழைத்துச் சொக்லேட் கொடுப்பாராம். பள்ளிக்கூடத்தில் ரீச்சர்மார் தலையைத் தடவுவார்களாம். ஆடி வந்து போயிற்று. மஞ்சள் துணி சாமிப்படத்துக்கு முன்னால் கிடந்தது. தை மாதம் இரண்டாவது படம் எடுப்பதென்று முடிவாகி, பத்து நாள் இருக்கும்போது மாலதி ஃபோன் எடுத்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல், இரண்டாம் நாள், இறங்கவில்லை.

நான் ஓடிப் போனேன். பிள்ளை தைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் பாயில் கிடந்தது. இரத்தம் சோதனைக்குக் கொடுத்திருந்தார்கள், முடிவு மறுநாள்தான் வரும். மாலதி என்னைப் பார்த்து அழவில்லை, குரலையும் உயர்த்தவில்லை.

"சாமி கேக்குது மிஸ். நான் இன்னைக்கே எறக்கிடுறேன். கதிர்காமத்துக்கு அப்புறமா போய்க்கிறேன்."

பாயில் கிடந்த பிள்ளைக்குக் காது கேட்டிருக்கிறது. காய்ச்சலோடு எழும்பி இருந்து இரண்டு கையாலும் பின்னலைப் பொத்திக்கொண்டு, வேணாம், மொட்டை வேணாம், மிஸ் சொல்லுங்க என்று என்னைப் பார்த்துக் கத்தியது. தாயும் என்னைத்தான் பார்த்தாள்.

அந்த நேரம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? நாளைக்குச் சோதனை முடிவு வரட்டும், அவசரப்பட வேண்டாம் என்றேன். புத்தியுள்ள பேச்சு. ஆனால் சொல்லும்போது என் மனதுக்குள் பத்து நாளைத்தான் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தேன். பொதுவாய்க் காய்ச்சல் மூன்று நாள், தேற நாலு நாள், இன்னும் மூன்று நாள் மிச்சம். சொன்னால் வெட்கம், ஆனால் அதுதான் நடந்தது. மாலதி தலையை ஆட்டினாள். நான் வெளிக்கிட்டு வந்தேன்.

நான் வந்து ஒரு மணித்தியாலத்தில், மருந்து மயக்கத்தில் பிள்ளை அயர்ந்திருந்தபோது, மாலதி துணி வெட்டுகிற கத்தரியால் தலைமயிரை ஒட்ட நறுக்கிவிட்டாள். அன்று பொழுதுபட முந்தியே காய்ச்சல் இறங்கிவிட்டது. மறுநாள் நானும் போய் நின்றபோது முடிவு வந்தது, டெங்கு இல்லை, சாதாரண வைரஸ் காய்ச்சல். டொக்டர் சொன்னார், எப்படியும் அன்றைக்கு இறங்கியிருக்கும் என்று. மாலதியிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டொக்டர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் நான் அன்றைக்கு அந்த மஞ்சள் துணியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நாலாம் நாள் காலமை இரண்டு பேரும் ஒஃபிசுக்கு வந்து நின்றார்கள். கவிஷாவின் தலையில் ஒரு துவாய் சுற்றியிருந்தது. கையில் ஒரு துணிப்பை. தாய் மன்னிப்புக் கேட்க வந்தாள், பிள்ளை வந்தது வேறு அலுவலுக்கு. மேக்கப் அறையில் நாங்கள் ஆட்களுக்கு மீசை ஒட்டுவதை அவள் கண்டிருந்தாள். பையைத் திறந்து, வெட்டிய மயிர்க்கற்றையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இத திரும்ப ஒட்டிவிடுங்க மிஸ். அந்தப் பசையால."

அந்தக் கண்ணாடிச் சுவர்த் திரைக்கு அந்தப் பக்கம் லயனல் சேர் நின்றிருக்கிறார். கதவைத் திறந்து வந்து, தாய் என்ன சொல்கிறாள், மொழிபெயர் என்றார். மாலதி, சாமிக்கு நேர்ந்த முடி, தவணை சொல்லி வைத்திருந்தோம், மிஸ்ஸுக்கும் தெரியும் என்றாள். இந்தக் கடைசிச் சொல்லை விழுங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்தி முதல் நாளிலேயே தெரியும் என்பது, ஒப்பந்த வரியைத் தாவியது, எல்லாம். சேர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"பத்மா, இவ்வளவு காலமும் நீ எனக்காகவா மொழிபெயர்த்தாய், அவர்களுக்காகவா?"

அவர் என்னை ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். பிள்ளைக்குச் சுகமில்லை என்று ஷாம்பூக்காரருக்கு எழுதி ஒப்பந்தத்தை முடித்து வைத்தார், மாலதி தலையில் ஒரு செலவும் விழாமல் பார்த்துக்கொண்டார். ஷாம்பூக்காரர் விக் வைத்து எடுக்கலாமே என்று கேட்டதற்கும் மாட்டேன் என்றார். அந்தக் கிழமையே எங்கள் படிவத்தில் ஒரு வரி கூடியது. பிள்ளைக்கு நேர்த்திக்கடன் ஏதும் உண்டா? இன்றைக்கும் அந்த வரி இருக்கிறது. ஷெஹானிக்கு அது எப்படி வந்ததென்று தெரியாது.

இப்போது கவிஷாவுக்கு இருபது வயது. நுகேகொடையில் ஒரு உடுப்புக்கடையில் வேலை. அதன் பிறகு எந்த விளம்பரத்திலும் வரவில்லை. இரண்டொரு இடம் கேட்டு வந்தார்கள், தாய் விடவில்லை. போன வருடம் அந்தக் கடையில் என்னைக் கண்டு ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். அந்த ஒரு வருடம்தான் மிஸ் என் லைஃபிலேயே பெஸ்ட் என்றாள், இன்னும் அந்த வீடியோ ஃபோனில் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினாள். கடையில் உள்ள மற்றப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, இவங்கதான் என்னைக் கண்டுபிடிச்சவங்க என்று சொன்னாள். மாலதியையும் ஒரு தரம் கொட்டாஞ்சேனையில் கண்டேன். சுகம் கேட்டாள், பிளவுஸ் தைக்க வேணுமா என்று கேட்டாள். விளம்பரப் பேச்சு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அத விடுங்க மிஸ் என்றாள். மகளுக்கு அது பொற்காலம், தாய்க்கு அது சாமி குற்றம். யாரை நம்பச் சொல்கிறீர்கள்? இரண்டு பேரும் உண்மைதான் சொல்கிறார்கள்.

எனக்கென்றால், அந்த வேலையை நினைக்கும்போது பெரிய பலகையும் கைதட்டலும் வருவதில்லை. கதிர்காமம்தான் வரும்.

ஒஃபிசில் அது நடந்த பிறகு, கத்தரியால் வெட்டியது நேர்த்தி தீர்ந்ததாகாது, சன்னிதியில் போய்ச் சவரக்கத்தியால் முழுதாக இறக்க வேண்டும் என்று மாலதி நின்றாள். பிள்ளையோ மிச்சம் உள்ளதில் கை வைக்க விடவில்லை. நீங்க சொன்னா கேப்பா, நீங்களும் வாங்க மிஸ் என்று தாய் கேட்டாள். குற்றம் என் தலையில் என்று சொன்ன ஆள் நான், எப்படி மறுப்பது? லீவு கேட்டேன். சேர் தந்தார், ஏனென்று கேட்கவில்லை. விடியப் புறப்பட்டு, பஸ் மாறி மாறி மத்தியானம் போய்ச் சேர்ந்தோம்.

மாணிக்க கங்கைக் கரையில் மரத்தடியில் மொட்டையடிக்கிறவர்கள் வரிசையாக இருந்தார்கள். கவிஷா அங்கேயிருந்த வேலிக்கம்பி ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். தகப்பன் வெருட்டிப் பார்த்தான், தாய் கெஞ்சிப் பார்த்தாள். நான் பக்கத்தில் குந்தி, தலைமயிர் திரும்பி வளரும், இதைவிட நல்லாய் வளரும் என்று எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னேன். படப்பிடிப்பில் பிள்ளைகளை வழிக்குக் கொண்டு வருகிற அதே குரலில்தான் சொன்னேன். அவளுக்கு அந்தக் குரல் தெரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப மிஸ் மொதல்ல போடுங்க" என்றாள்.

எனக்கு அப்போது நாற்பத்தைந்து. நல்ல தலைமயிர், இரண்டு கிழமைக்கு ஒரு தரம் டை அடிப்பேன், விளம்பரக் கொம்பனியில் வேலை பார்க்கிற திமிர் வேறு. மொட்டையடிக்கிறவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பெண்கள் பூமுடி கொடுத்தால் போதும் அம்மா, நுனியில் மூன்று விரற்கடை என்றார். எனக்கு உயிர் வந்தது. மாலதியும் அதுவே போதும் மிஸ் என்றாள். பிள்ளை கம்பியை விடாமல் பார்த்துக்கொண்டு நின்றது. இந்தப் பெரியாக்கள் எந்த இடத்தில் தாவுவார்கள் என்று பார்க்கிற பார்வை.

முழுதாக எடுங்கோ என்றேன். கத்தி தலையில் பட்டதும் கண்ணீர் வந்தது. பக்தியா, வெட்கமா, எரிச்சலா, ஒரு மண்ணும் விளங்கவில்லை. தலைமயிர் மடியில் விழ விழ, ஒஃபிசில் போய் எப்படி முழிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முடிந்து நிமிர்ந்தபோது கவிஷா கம்பியை விட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள். என் தலையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். பாவப்பட்டுப் போய், காதுக்குள், "இனி ஒங்களையும் யாரும் படம் புடிக்க மாட்டாங்க, என்னா மிஸ்?" என்றாள்.

"ஓமம்மா, பிடிக்க மாட்டினம்."

அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு தானாகவே துவாயை அவிழ்த்துத் தாயிடம் கொடுத்துவிட்டு அந்தப் பலகையில் போய் இருந்தாள். நாங்கள் பழக்கிய மாதிரியே முதுகை நேராக்கி, நாடியை நிமிர்த்தி, கண்ணை மூடாமல். மொட்டையடிக்கிறவர் தண்ணீரைத் தெளித்தார். அவள் சிமிட்டவில்லை.

"சிரிக்கணுமா மிஸ்?"

தேவையில்லை அம்மா, இங்கே கமரா இல்லை, உனக்கு அழுகை வந்தால் அழு, சிரிப்பு வந்தால் சிரி, உன்ர விருப்பம் என்றேன். பிள்ளை விளங்காமல் என் முகத்தைப் பார்த்தது.

"எது நல்லா இருக்கும்?"

கத்தியை நனைத்துக்கொண்டு அந்த மனிதர் காத்திருந்தார். மாலதியும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டப் போய், நிமிர்ந்திருந்த அவள் நாடியை மெல்லத் தாழ்த்திவிட்டேன்.